ஒட்டப்பிடாரத்து வக்கீலின் காகிதங்கள்

வ.உ. சிதம்பரம் பிள்ளையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாகவே அவர் விட்ட கப்பலுக்கும் சிறையில் இழுத்த செக்குக்கும் போய்விடும். என் மனம் கொஞ்ச நாளாக நின்றுகொண்டிருப்பது இரண்டிலும் இல்லை, ஒரு 12 அணாவில்.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1912 டிசம்பர் 24ஆம் தேதி சிறையிலிருந்து வெளியே வந்த வ.உ.சி.க்குத் தொழில் இல்லை. வக்கீல் சன்னதை அரசு பறித்திருந்தது. குடும்பத்தோடு சென்னையில் தங்கி, கிடைத்த வியாபாரத்தைச் செய்து, கஷ்டத்தில் நாள் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கென்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் திரட்டிய பணம் காந்தியின் பொறுப்பில் இருந்தது. 1915இல் காந்தி இந்தியா திரும்பினார். பணம் உரியவர் கைக்கு வந்து சேர்வதற்குள் 1916 பிறந்துவிட்டது. தொகை 347 ரூபாய் 12 அணா. இடையில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை வைத்து வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். அந்தத் தொகையே நூலின் பெயரிலும் இருக்கிறது. (வ.உ.சி.யின் கடிதங்களைத் தொகுத்து 1984இல் அவர் முதல் நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது பதினேழு. பதினேழு வயதில் நாமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்காமலிருப்பது நல்லது.)

பெங்களூர் பீன்யாவின் லேத் பட்டறைகளில் ஒரு வரைபடத்தைக் கையில் வாங்கியதும், பழகின கண் பெரிய எண்ணைப் பார்க்காது. 25 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பதற்குப் பக்கத்தில், கூட்டியும் குறைத்தும் எவ்வளவு விடலாம் என்று பொடி எழுத்தில் இருக்குமே, அதற்குத்தான் போகும். வேலையின் தரம் அங்கேதான் தெரியும். 347 ரூபாயைவிட அந்த 12 அணா என்னை இழுப்பதும் இதனால்தான். ‘ஏறக்குறைய முந்நூற்றைம்பது’ என்று யாரும் எழுதவில்லை. நன்கொடைதானே என்று சில்லறையைத் தட்டிவிடவும் இல்லை.

அந்தச் சில்லறை எப்படி வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ். ரூபாய்க்கு அணாவும் 16. ஆகவே ஓர் அணாவுக்கு ஒரு பென்னி. 12 அணா என்பது சரியாக ஒரு ஷில்லிங். முழுத் தொகையையும் மாற்றினால் 23 பவுன் 3 ஷில்லிங் 8 பென்ஸ் வருகிறது. காசு மாற்றும் விகிதம் இப்படி ஒத்துப்போவதால் தென்னாப்பிரிக்கப் பக்கத்துப் பென்னி ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கத்தில் ஓர் அணா உண்டு. கடல் கடந்து வந்தும் பின்னம் உதிரவில்லை.

இனிக் கடிதங்களின் நயம். பணம் வேண்டும், கேட்கவும் கூச்சம். கேட்கப்படுகிறவரோ காந்தி. இந்த நிலையில் இரண்டு தப்பு வழிகள் எளிதாகத் திறந்திருக்கும். ஒன்று, எனக்கு எதற்குப் பணம் என்று பெருந்தன்மை காட்டுவது. மற்றது, என் தியாகத்துக்கு இதுவா கைம்மாறு என்று வெடிப்பது. வ.உ.சி. இரண்டிலும் காலை வைக்கவில்லை. இப்போதைய நிலையில் பணம் வேண்டாம் என்று சொல்வது சரியாகாது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். அதோடு நிறுத்திக்கொள்கிறார். பதில் தாமதமாகும்போது மறுபடி எழுதுகிறார். அதிலும் குரல் உயர்வதில்லை. இருக்கிற உண்மையைச் சொல்லி, கோரிக்கையை வைத்து, எதிர்த்தரப்பின் மரியாதை குலையாமல் பார்த்துக்கொள்ளும் இந்த வித்தை எங்கே கற்றது? எனக்குச் சந்தேகமே இல்லை: ஒட்டப்பிடாரம் சப்-மாஜிஸ்திரேட் கோர்ட்டில்.

ஒட்டப்பிடாரம் கரிசல் காட்டு ஊர். எட்டிப் பார்த்தால் பாஞ்சாலங்குறிச்சி. 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினி, அவரது கோட்டையையும் பின்னர் இடித்துத் தள்ளிய மண். அதற்கு நூறு வருஷம் முடிவதற்குள், 1895இல், அதே சுற்றுவட்டாரத்தில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் முத்திரைத்தாளும் மையுமாக வழக்காடக் கிளம்புகிறார். வேலும் வெடிமருந்தும் தீர்த்துவைத்த தகராறுகள் இப்போது வாய்தாவுக்கும் வாக்குமூலத்துக்கும் வந்து நிற்கின்றன. (கட்டபொம்மன் தூக்கிலேறியது அக்டோபர் 16. சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906ஆம் வருஷத்து அக்டோபர் 16. தற்செயல்தான்; ஆனாலும் நாட்காட்டியில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.)

அப்பா உலகநாத பிள்ளையும் அதே ஊரில் வக்கீல். வசதியுள்ள கட்சிக்காரர்கள் அப்பாவிடம் போனார்கள். ஏழைகள் மகனிடம் வந்தார்கள். சில வழக்குகளில் அப்பாவும் மகனும் எதிரெதிரே நின்று வாதாடியிருக்கிறார்கள். காலையில் ஒரே வீட்டில் சாப்பிட்டு, பகலில் ஒரே கோர்ட்டில் மோதி, சாயங்காலம் திரும்பி வந்து என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? எனக்கு அதைத்தான் கேட்கத் தோன்றுகிறது. மகனின் கை மேலதிகாரிகளையும் விடவில்லை. மூன்று சப்-மாஜிஸ்திரேட்டுகள் மேலிருந்த ஊழல் குற்றச்சாட்டை நிரூபித்துக் காட்டினார். போலீஸோடு பகை முற்றிப் போனதும், 1900இல் அப்பா அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். இது தண்டனையா, பாதுகாப்பா? இரண்டும் கலந்ததுதான் என்பேன். பிள்ளை ஆங்கிலம் படிக்கவேண்டும் என்று ஊரில் பள்ளிக்கூடமே கட்டுவித்த அப்பா அல்லவா.

இந்த ஆரம்ப நாட்களை வ.உ.சி. தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். சொன்ன விதம்தான் விசேஷம்: அகவலில். உரைநடையில் எழுதியிருந்தால் கோர்ட் வாடை ஏறியிருக்கும். செய்யுளாக இருப்பதால் சின்ன வயது விளையாட்டுக்கள்கூட ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி வருகின்றன. தலைவர்களின் சுயசரிதைகளில் இப்படி ஒரு பகுதி வந்தால் நாம் பக்கத்தைத் தள்ளிவிடுவோம். இங்கே தள்ள முடியாது. சாட்சியை விசாரிக்கிறவர் ஒன்றையும் விட்டுவிடாமல் கேட்பாரே, அந்தப் பழக்கம் தன் பால்யத்தின் மேலேயே திரும்பியிருக்கிறது.

அந்த நூலில் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம், முதல் மனைவி வள்ளியம்மை வரும் பகுதி. ராமையா தேசிகர் என்ற பார்வையற்ற துறவி ஒருவரை வ.உ.சி. வீட்டோடு வைத்துக்கொள்கிறார். சாதி பார்த்து உறவினர் முணுமுணுக்கிறார்கள். மனைவியின் மனதில் என்ன இருக்கிறது என்று இவர் கேட்கிறார். வள்ளியம்மை வாதம் செய்யவில்லை. தன் கையாலேயே தேசிகருக்குச் சோறிட்டார். ஊர்ப்பேச்சு எடுபடாமல் போயிற்று. வாதாடிப் பிழைக்கிறவர் வீட்டில் தீர்ப்பைச் சொன்னது வாதாடாத ஒருவர். அதையும் மறைக்காமல் தன் நூலில் வ.உ.சி.யே பதிவு செய்திருக்கிறார். 1901இல் வள்ளியம்மை இறந்துபோனார். கப்பலையும் சிறையையும் அவர் பார்க்கவில்லை. நூலில் அவர் வரும் இடம் கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பகுதியில் கவிஞர் வ.உ.சி. வக்கீல் வ.உ.சி.யை முந்திவிடுகிறார் என்பது என் எண்ணம். நூலின் மற்றப் பகுதிகளைப் பற்றி அவ்வளவு தாராளமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில இடங்களில் அகவல் கணக்குப் புத்தகம் போலவே நடக்கிறது.

1908 ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. விடுதலைக்குப் பிறகு சன்னது இல்லாமல் போன வருஷங்களைப் பார்த்தால், செக்கைவிட அதுதான் அவரை அதிகம் வருத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். செக்கு சிறையோடு முடிந்தது. சட்டம் தெரிந்தும் கோர்ட் வாசலைத் தாண்ட முடியாத நிலை சிறைக்கு வெளியேயும் தொடர்ந்தது. கடைசியில் அந்தச் சன்னதைத் திரும்பக் கொடுத்தவர் இ.எச். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அதன் பிறகு கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மறுபடி வக்கீலாக உட்கார்ந்தார். 1936 நவம்பர் 18இல் மறைந்தார்.

வாலஸுக்கு அவர் நன்றி செலுத்திய விதம் எந்தக் கடிதத்தையும்விடச் சுவையானது. கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வாலஸ் அப்படியே உள்ளே இருக்கிறார். கூடவே ஈஸ்வரனும் வந்து சேர்ந்துவிட்டதால் சைவ வேளாளர் வீட்டில் யாரும் ஆட்சேபிக்க வழியில்லை. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியோடு மோதியவரா வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கலாம். அவருக்கு அந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆட்சி வேறு, உதவி செய்த மனிதர் வேறு என்று பிரித்துப் பார்த்துவிட்டு, பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் அந்த மனிதரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.