மடற்கூற்றும் மறுப்பின் அச்சமும்

சங்க அகப்பாடல்களில் வரும் மடற்கூற்றைத் தோழியை இணங்கவைக்கும் மிரட்டலாக மட்டும் நோக்குவது பெருவழக்கு. குறுந்தொகையின் 17ஆம் பாடல் இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது. பேரெயின் முறுவலார் பாடிய இந்நான்கடிப் பாடலில், பனைமடலைக் குதிரையாக ஊர்தல், எருக்கங்கண்ணி சூடுதல், தெருவிலே பிறர் ஆரவாரத்துக்கு ஆளாதல் என்பன அடுக்கிச் சொல்லப்படுகின்றன. இறுதியிற் சாவும் குறிப்பாகச் சுட்டப்படுகின்றது. ஆயின், தலைவன் ‘நான்’ என ஓரிடத்தேனும் கூறவில்லை. அவ்வினைமுற்றுக்கள் யாவும் படர்க்கைப் பன்மை. காமம் முற்றினால் உலகோர் இவ்வாறு செய்வர் என்பதே அவன் கூற்று. கேட்பவளும் தலைவியல்லள், தோழியே.

மறுக்கப்படுவோமோ என்ற அச்சமே இப்படர்க்கையைத் தேர்ந்தது எனலாம். தோழி மறுப்பினும், மறுக்கப்படுவது உலகியல்பு பற்றிய கூற்றொன்றே. அவன் மானம் எஞ்சும். அச்சம் நீங்கும்வரை அவன் காத்திருக்கவில்லை. அதனை உடன்கொண்டே பேசத் தொடங்குகின்றான். இங்கேதான் பாடலின் உளவியல் நுட்பம் அமைகின்றது.

தொல்காப்பியமும் ஏறிய மடலைப் பெருந்திணையுள் வைத்து, மடல் கூறுதலைக் களவியலில் ஏற்கின்றது. ஆயினும், மகளிர்க்கு மடலேற்றத்தை அது விலக்கியது. அஞ்சிய ஆடவனுக்கு மரபு ஒரு மொழியை வகுத்தளித்தது. பெண்ணுக்கு அவ்வாயில் அடைக்கப்பட்டது. பாடலின் நயத்தைப் போற்றுவோர் இவ்வேற்றத்தாழ்வையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.