இரண்டாம் நாயனம்

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கச் சாத்தூர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் நடந்தே வருவார்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அந்த மணல்வெளியில் அக்கினிச்சட்டிக்கு முன்னால் போகிற நையாண்டி மேளத்தைக் கவனித்தால், நாயனம் இரண்டாக இருக்கும். இத்தனை கூட்டத்துக்கு ஒன்று போதாது, சத்தம் வேண்டாமா என்பார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை. ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு கருவிகள் சேர்ந்தால் கூடுவது மூன்று டெசிபல்; காதுக்கு அது கொஞ்சம் தூக்கலாகத் தெரியுமே தவிர இரு மடங்காகக் கேட்காது. சத்தம்தான் குறி என்றால் இன்னொரு தவிலைச் சேர்த்துவிட்டுப் போகலாம். இரட்டை நாயனத்தின் அழகு ஒருவர் மூச்சு முடிகிற இடத்தில் இன்னொருவர் தொடங்குவதில் இருக்கிறது. ஆகவே அதன் தரத்தை இரண்டாம் நாயனத்தை வைத்துத்தான் நிறுக்க வேண்டும் என்பது என் கட்சி.

நாயனம் லேசில் வசப்படுகிற வாத்தியமில்லை. ஆச்சா மரத்தில் கடைந்த குழலில் விரல் வைக்க ஏழு துளைகள். அதற்குக் கீழே விரல் படாத துளைகளை மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்வார்கள். ஆனால் கடைசியில் சுரத்தைத் தீர்மானிப்பது துளை இல்லை, ஊதுவாயான சீவாளியைக் கவ்வுகிற உதடும் ஊதுகிற காற்றின் அழுத்தமும்தான். வெயிலில் காய்ந்த சீவாளி ஒன்று சொல்லும், எச்சிலில் ஊறியது வேறொன்று சொல்லும். அப்படிப்பட்ட இரண்டு குழல்கள் ஒரே காந்தாரத்தில் வந்து நிற்பதென்றால், இருவரும் ஒவ்வொரு கணமும் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஐரோப்பாவின் கோடைக்கால இசை விழாக்களில் இரண்டு பியானோக்களை எதிரெதிரே போட்டு, மொசார்ட் 1781-இல் இரட்டைப் பியானோவுக்கு எழுதிய சொனாட்டாவை வாசிப்பார்கள். அங்கே சுருதிக் கவலை இல்லை. கச்சேரிக்கு முன்பே ஒருவர் வந்து தந்திகளை முறுக்கிவிட்டுப் போயிருப்பார். அவர்களுடைய சிரமமெல்லாம் இருவர் விரலும் ஒரே நொடியில் விழுவதில். பியானோவில் தட்டிய சுரம் தட்டியதுதான், பிறகு அதை வளைக்க முடியாது. நாயனத்தில் எழுந்த சுரத்தை நடுவழியிலும் வளைக்கலாம், ஏற்றலாம், கூட வாசிக்கிறவரின் சுரத்தோடு ஒட்டலாம். அதனால்தான் இங்கே கூட்டாளியின் காதுக்கு அத்தனை வேலை.

அப்படியானால் இருவரும் ஒருவராகக் கேட்பதுதானே உச்சம் என்று கேட்கலாம். திருவீழிமிழலை சகோதரர்கள் சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் கீர்த்தனைகளை அப்படி ஒரே குரலாக வாசித்துப் பேர் வாங்கியவர்கள்தான். கீர்த்தனைக்கு அது பொருந்தும்; பாடாந்தரம் முன்பே முடிவானது. ஆலாபனையில் அது நடக்காது. ஒருவர் ஒரு பிடியை நீட்டிக்கொண்டே போய் மூச்சு தீர்கிற இடத்தில், அதே சுரத்தில் மற்றவர் ஒட்டிக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே வந்தால் குறுக்கீடு, பிந்தினால் ஓட்டை. ஒட்டிய பிறகும் இரண்டாமவர் நாக்கின் துத்துக்காரமும் விரலடியும் ஒரு இழை வேறாகத்தான் இருக்கும். அந்த ஒரு இழை இல்லாவிட்டால் ராகம் கைமாறியதே தெரியாது; பிறகு இரண்டு பேர் எதற்கு? ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜிக்கும் ஏ.வி.எம். ராஜனுக்கும் பின்னால் ஒலிப்பது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. அதில் வரும் ‘நகுமோ’வைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். (நடிப்பு அவ்வளவு நன்றாக இருப்பதாலேயே கண்ணை மூடச் சொல்கிறேன்.)

இரண்டாம் நாயனம் எடுபிடி வேலை, பெரிய வித்வானின் நிழலில் காலம் தள்ளுவது என்பது இன்னொரு வாதம். சம்பளத்தில், மரியாதையில், மேடையில் உட்காருகிற இடத்தில் அது பல சமயம் உண்மையாகவே இருந்திருக்கிறது. ஆனால் வாசிப்பைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. கோவில்பட்டியில் குடியேறி இந்தக் கரிசல் சீமைக்கே பெருமை தேடித்தந்த காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), தன் குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோடு சேர்ந்து வாசித்து வளர்ந்தவர். குரு அடுத்து எங்கே போவார் என்று தெரியாமல் அவரோடு போவதற்குக் கற்பனை வேண்டும். அதையே தன் பாணியில் திருப்பிச் சொல்ல அதற்கு மேலும் வேண்டும். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலை விட்டுப் பிரியாமல், அதற்குள் கரைந்தும் போகாமல் அருணாசலத்தின் நாயனம் ஓடுவதைக் கேட்டால், கூட வாசித்துப் பழகியவரின் காது அதில் தெரியும்.

நையாண்டி மேளத்தை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று சங்கீத சபைக்காரர்கள் முகம் சுளிக்கலாம். ராக விஸ்தாரம் அங்கே குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கரகம் வைத்து ஆடுகிறவர் காலை நிறுத்தாதவரை மெட்டும் நிற்கக்கூடாது. பம்பையும் தவிலும் காதடைக்க, தெருப்புழுதியும் ஆடிக் காற்றும் முகத்தில் அடிக்க, நடந்துகொண்டே இரண்டு பேர் மெட்டை அறுபடாமல் மாற்றி மாற்றிக் கொண்டுபோவது, உட்கார்ந்து வாசிக்கிற ஆலாபனைக் கைமாற்றத்துக்குச் சளைத்த வேலையில்லை. ஒலிபெருக்கி வந்துவிட்டது, இனி ஒரு நாயனம் போதும் என்று செலவைக் குறைக்கப் பார்க்கிற விழாக் கமிட்டிகள், மைக் சத்தத்தைத்தான் பெருக்கும், மூச்சைப் பெருக்காது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு பேரை அழைத்துவிட்டு முதல் நாயனத்துக்கு மட்டும் மைக் வைக்கிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? கைமாறுகிற ஒவ்வொரு இடத்திலும் பாட்டில் பள்ளம் விழும். பழியை இரண்டாமவர் சுமப்பார்.