மீள்திறனுக்கு எத்தனை மார்க்?

காலை ஷிப்டு நேரத்தில் சென்னீர்குப்பத்தில், பூந்தமல்லி–ஆவடி சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். கழுத்தில் தொங்கும் அட்டைதான் வேறு: சிலருடையது நிரந்தரம், சிலருடையது கான்ட்ராக்ட். 'குழுவின் மீள்திறனை அளக்கிறோம்' என்று மனிதவளத் துறை கொடுக்கும் வினாத்தாள், நான் பார்த்தவரை, முதல் அட்டைக்காரர்களோடு நின்றுவிடுகிறது. நெருக்கடியில் லைனைத் தாங்கும் கைகளில் பாதி கணக்கிலேயே வருவதில்லை.

வினாத்தாளே வீண் என்று சொல்ல மாட்டேன். மீட்டிங்கில் வாய் திறக்காதவர்கூடத் தாளில் டிக் அடிப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டால், ஒரு பிரிவு சோர்ந்துவருவது முன்கூட்டியே தெரியும். ஆனால் 2003-இல் வந்த கானர்–டேவிட்சன் மீள்திறன் அளவுகோலின் 25 கேள்விகளும், 2008-இல் வந்த சுருக்க மீள்திறன் அளவுகோலின் 6 கேள்விகளும் தனிமனிதரைப் பற்றியவை. அவற்றைக் கூட்டி வகுத்தால் குழு கிடைத்துவிடாது. எட்டுப் பேரில் ஏழு பேர் உற்சாகமாக இருக்க, சி.என்.சி. செட்டிங் தெரிந்த ஒரே ஆள் நொந்துபோயிருந்தால் சராசரி நன்றாகத்தான் இருக்கும். அவர் வராத அன்று மெஷின் நிற்கும். குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் 1999-இல் முன்வைத்த ஏழு வாக்கியங்கள் அந்த அளவுகோல்களைவிட மேல். தவறு செய்தால் இந்தக் குழு அதை எனக்கு எதிராகத் திருப்புமா, சிக்கலை வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று அவை குழுவையே விசாரிக்கின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்தபோது பட்டறைகளுக்குத் தேவைப்பட்டது இந்த வினாத்தாள்கள் எதிலும் இல்லாத ஒன்று. மோட்டார்களை மேலே ஏற்ற யாருக்குத் தோன்றியது? ரீவைண்டிங் கடைக்காரர் நம்பர் யார் போனில் இருந்தது? பக்கத்துப் பட்டறை லேத்தை இரவல் தருமா? பெரிய கம்பெனிகளுக்கும் இதே கதைதான்: 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜப்பானில், டொயோட்டாவுக்கு வால்வு செய்துவந்த ஐசின் ஆலை எரிந்து பிரேக் வால்வு இல்லாமல் டொயோட்டாவின் ஆலைகள் நின்றபோது, தையல் மெஷின் செய்யும் பிரதர் உட்படப் பல நிறுவனங்கள் வால்வு செய்து கொடுத்தன. சில நாளில் லைன் ஓடியது. அந்தப் பலம் ஆட்களின் மனதில் மட்டும் இருக்கவில்லை. பழகிய கம்பெனிகளுக்கு நடுவே இருந்தது. அதை எந்த ஐந்து புள்ளி அளவுகோலும் பிடிக்காது.

எனக்குப் பெரிய உறுத்தல் இன்னொன்று. 'அஞ்சுக்கு 4.3 வந்திருக்கு, நம்ம ஆளுங்க சமாளிச்சிடுவாங்க' என்ற பேச்சு. 2015 வெள்ளத்திலும் அதே தொழிற்பேட்டை பாதிக்கப்பட்டது. எட்டு வருடம் கழித்து மறுபடியும். சேற்றைத் தள்ளிவிட்டு மறுநாளே வேலைக்கு வருபவரின் பொறுமைக்கு மார்க் போடப் போட, வடிகாலைக் கேட்கும் குரல் தணிகிறது. மீள்திறனை உயர்த்துகிறோம் என்று யோகா வகுப்பு நடக்கிறது; பேனல் போர்டு தரைமட்டத்திலேயே இருக்கிறது.

அளக்கத்தான் வேண்டும் என்றால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை செட்டிங் தெரிந்தவருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கலாம். அன்று முதல் நல்ல பீஸ் எத்தனை மணிக்கு வெளியே வந்தது, யார் கையால் வந்தது என்று குறித்துக்கொள்ளலாம். அந்தக் கைக்காரர் கழுத்தில் எந்த அட்டை தொங்குகிறது என்பதையும் சேர்த்து.