பெருமழை நாளைத் தேடித் தரும் எக்ஸ்அரே

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடனீரேரியில் சேர்ந்துவிடும். செம்மண்ணுக்கு அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் பிடித்துவைக்கும் மழைநீரை நம்பியே கிணறுகள் இருக்கின்றன. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை எவ்வளவு பெய்தது என்பதோடு, ஒரே நாளில் எவ்வளவு கொட்டியது என்பதும் இங்கே பெரிய கேள்வி. பொறுமையாகப் பெய்யும் மழை நிலத்தில் இறங்கும். ஒரேயடியாகக் கொட்டுவது வெங்காயப் பாத்தியை மூழ்கடித்துவிட்டு ஓடிவிடும்.

இதற்கான தரவு இலவசமாகவே கிடைக்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் உருவாக்கிய சிர்ப்ஸ் தொகுப்பு, செயற்கைக்கோள் படங்களையும் தரை மழைமானிகளையும் இணைத்து, 1981 முதல் நாள்வாரி மழையைக் கட்டம் கட்டமாகத் தருகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் 0.05 பாகை, அதாவது சுமார் 5.5 கிலோமீட்டர். வடக்கு அகலக்கோடு 5.5 முதல் 10 வரை, கிழக்கு நெடுங்கோடு 79.5 முதல் 82 வரை வெட்டி எடுத்தால் 4,500 கட்டங்கள். 1981–2020 காலத்துக்கு 14,610 நாட்கள். மொத்தம் ஆறரைக் கோடிக்கு மேற்பட்ட எண்கள்! நாளுக்கு ஒரு தாளாக அடுக்கி, தெல்லிப்பழைக் கட்டத்தின் மேல் ஊசியைச் செருகினால், அது துளைக்கும் எண்களில் பெரியது எது? எல்லாக் கட்டங்களுக்கும் இதைச் செய்வதுதான் கால அச்சில் உச்சம் காண்பது.

பைத்தனின் நம்பை நூலகம் இதை நொடியில் செய்யும். ஆனால் அச்சை எண்ணால் கேட்கும்: 0, 1, 2. கோப்பில் காலம் முதலாவதாக இல்லையென்றால், 0 என்று கொடுத்தவருக்கு வேறு அச்சின் உச்சம் கிடைக்கும். பிழைச்செய்தி வராது, அட்டவணை மட்டும் தவறாக இருக்கும். அமெரிக்க வளிமண்டல ஆய்வு மையத்தின் என்.சி.எல். மொழியில் பழைய உச்சக் கட்டளை கடைசி அச்சில் மட்டுமே வேலை செய்தது. அச்சின் எண்ணை ஏற்கும் கட்டளை பின்னர் வந்தது. 2019இல் அந்த மையமே பைத்தனுக்கு மாற முடிவெடுத்தது.

2014இல் திறந்த மூலமாக வெளியான எக்ஸ்அரே என்ற பைத்தன் நூலகத்தில் அச்சைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். ‘டைம்’ என்று எழுதினால் போதும், அது எத்தனையாவது இடத்தில் இருந்தாலும் சரி. உச்சம் எந்தத் திகதியில் வந்தது என்பதை ‘ஐடிஎக்ஸ்மேக்ஸ்’ சொல்லும். இந்தக் கட்டளைக்காகவே எக்ஸ்அரேயைப் பரிந்துரைக்கலாம். 2008 நவம்பர் கடைசி வாரத்தில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கியது. எனவே அந்த ஆண்டுக் கோப்பு நல்ல பரீட்சை: தெல்லிப்பழைக் கட்டத்தின் உச்ச நாள் அந்த வாரத்தை விட்டு வெகுதூரம் விலகியிருந்தால், முதலில் கட்டளையைச் சரிபார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. விடுபட்ட நாட்களை எக்ஸ்அரே சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பாதி ஆண்டு இல்லாத கட்டத்துக்கும் முழு ஆண்டுக்குரியதுபோல ஓர் உச்சத்தைத் தரும். பக்கத்திலேயே ‘கவுன்ட்’ கட்டளையையும் ஓட்டி, எத்தனை நாட்கள் கணக்கில் வந்தன என்று பார்ப்பது கட்டாயம். சிர்ப்ஸ் தொகுப்பின் முழுப் பரப்புக்குமான ஓராண்டுத் தரவை நினைவகத்தில் ஏற்றினால் சுமார் 21 ஜிகாபைட் பிடிக்கும். சாதாரண மடிக்கணினி திணறும். இலங்கையை முதலிலேயே வெட்டிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 தொகுப்பை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் மணிவாரி மழை உலகப் பொது நேரத்தில், மீட்டர் அலகில் இருக்கும். இலங்கையின் மழை நாளோ காலை 8.30க்கு முடிகிறது. நாளை எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, இரவு முழுக்கப் பெய்த மழை இரண்டாகப் பிரிந்து உச்சமே குறைந்துவிடலாம். அதன் கட்டமும் 0.25 பாகை, தெல்லிப்பழைத் தோட்டத்தையும் காங்கேசன்துறைக் கடலையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

நிரல் எழுத விருப்பமில்லாதவருக்கு ஹம்பேர்க் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் சி.டி.ஓ. இருக்கிறது. ‘இயர்மேக்ஸ்’ என்ற ஒற்றை வரிக் கட்டளை ஆண்டுவாரி உச்சங்களைப் புதிய கோப்பாக எழுதித் தரும். எந்தக் கருவியானாலும் கிடைப்பது ஒரு கட்டத்தின் சராசரியில் வந்த உச்சம்தான். மதகும் வடிகாலும் கட்டுபவர்கள் அருகிலுள்ள மழைமானியின் பதிவோடு ஒப்பிட்ட பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும்.