ஓடிபி யார் கைக்கு வருகிறது?

ஒரு பிரதி தன் வாசகராக யாரைக் கற்பனை செய்கிறது என்று கேட்பது விமர்சனத்தின் பழைய வேலை. செயலியையும் நான் ஒரு பிரதியாகவே படிக்கிறேன்.

அங்கன்வாடி ஊழியர்களின் கைபேசிக்கு ஒன்றிய அரசின் 'போஷன் டிராக்கர்' 2021 மார்ச்சில் வந்தது. 2025 ஜூலை 1 முதல், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துமாவுக்கு முகப்பதிவு கட்டாயம். முதல் பதிவின்போது ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓடிபி போகும். ஆளுக்கொரு கைபேசி, அவரவர் பெயரில் ஓர் எண்: இதுதான் செயலி கற்பனை செய்திருக்கும் குடும்பம்.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர் பக்கம் போனால் வேறு குடும்பத்தைப் பார்க்கலாம். ஆதாரில் இருப்பது கணவன் எண். கணவன் இருப்பது பெங்களூரிலோ திருப்பூரிலோ, வேலையில். அவன் எடுத்துப் பேசி எண்களைச் சொன்னால்தான் இங்கே பதிவு முடியும். மாவு அவள் உடம்புக்கு. சாவி அவன் சட்டைப்பையில்.

இந்த இடைவெளியை நிரப்புகிறவர் அங்கன்வாடி ஊழியர். மறுபடி அழைக்கிறார், மாலையில் வீட்டுக்கு நடக்கிறார், சித்தேரி மலையில் சிக்னல் தேடி நிற்கிறார். தாயின் எடையைக் கேட்கும் செயலி, இந்த நடையைக் கேட்பதில்லை.

கணக்கில் வராத உழைப்புக்கு அழகான பெயர் வைப்பது நமக்குப் பழக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று, பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீடுவீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பதிவுசெய்யும் பெண்கள் 'தன்னார்வலர்கள்' ஆனார்கள். அங்கன்வாடிப் பெண்களை ஒன்றிய அரசு 'கௌரவ' ஊழியர் என்கிறது. 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம், அந்தக் கௌரவ ஊதியமும் சம்பளமே, அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒரு சொல்லை உரித்துப் பார்க்க நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

நடுராத்திரி வலி எடுத்தால் செவிலியரையோ 108ஐயோ அழைக்க உதவுவதும் இதே கைபேசிதான். அதன் அருமை இந்தப் பெண்களுக்குத் தெரியும். அவர்கள் கையில் அது கருவியாக இருக்கட்டும், மேஸ்திரியாக வேண்டாம். கருவுற்ற நாளிலிருந்து ஒரு பெண்ணைப் பார்த்துவரும் ஊழியர், "இவளை எனக்குத் தெரியும்" என்று சொன்னால், மாவு கொடுக்க அந்தச் சாட்சி போதும்.