அடுப்படிக்குக் கேட்கும் திரை

கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் பார்த்த படங்களையும் தொடர்களையும் ஒரு தாளில் எழுதி, யார் யார் பார்த்தோம் என்று எதிரே குறித்துக்கொண்டு வந்தேன். எல்லாப் படத்தின்போதும் அம்மா வீட்டில்தான் இருந்தார். ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை அவர் உட்கார்ந்து பார்த்தவை மிகச் சில. மற்றவற்றை அவர் கேட்டிருக்கிறார். வீட்டுத் திரையின் கடந்த ஐம்பது ஆண்டுகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலைப் படம் இரண்டுக்கும் ஊரே கூடியது. வாரத்துக்கு இரண்டு மாலைதான் என்பதால் பெண்கள் வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டு வந்து உட்கார முடிந்தது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. கேபிள் வீடு வீடாக நுழைந்தது. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் கூரை வீட்டுக்குள்ளும் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தது. திரை நாள் முழுதும் ஓடத் தொடங்கியது. வீட்டுவேலை மட்டும் குறையவில்லை.

நெடுந்தொடரின் இலக்கணம் இங்கேதான் உருவானது. 1999இல் தொடங்கிய ‘சித்தி’, ஐந்து மகள்களைப் பெற்ற தகப்பனின் கதையான ‘மெட்டி ஒலி’, 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். நடந்ததையே திரும்பப் பேசும் வசனம், திடுக்கிட வைக்கும் இசை, ஒரே முகத்தை மூன்று முறை காட்டுவது என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். பூண்டு உரித்துக்கொண்டே கேட்பவருக்கு இவை அத்தனையும் தேவை. வசனம் கதையைச் சொல்லிவிடும். இசை அதிரும்போது கதவோரம் வந்து எட்டிப் பார்த்தால், அந்த முகம் இன்னும் திரையில் இருக்கும். நெடுந்தொடர் வானொலி நாடகத்தின் வாரிசு. அடுப்படியில் நிற்பவரை நினைத்துச் செய்யப்பட்ட வடிவம் என்ற வகையில் அதற்கு உரிய மரியாதையை நாம் இன்னும் தரவில்லை.

பாலு மகேந்திராவின் ‘கதை நேரம்’ இதற்கு மாறான வழியில் போனது. தமிழ்ச் சிறுகதைகளை அவர் மௌனத்தாலும் ஒளியாலும் சொன்னார். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பார்த்தே ஆக வேண்டும்.

2020 ஊரடங்கில் திரையரங்குகள் மூடப்பட்டபோது, மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேராக இணையத்தில் வெளியானது. ‘சூரரைப் போற்று’, ‘சார்பட்டா பரம்பரை’, ‘ஜெய் பீம்’ என்று பெரிய படங்கள் தொடர்ந்தன. 2021 ஏப்ரலில் மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ முதலில் விஜய் தொலைக்காட்சியில் வந்ததால், சந்தா கட்டாத வீடுகளும் ஒரே நாளில் பார்த்தன. நாங்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். இடைவேளையை மட்டும் குக்கர் விசில் முடிவு செய்தது.

இணையத் தொடர்களோடு சிக்கல் வேறு விதமாக வந்தது. புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ 2022இல் எட்டுப் பாகங்களாக வெளியானது. மயானக் கொள்ளைத் திருவிழாவின் கூட்டத்துக்குள் ஒரு பெண் காணாமல் போகும் கதை அது. தடயம் ஒரு பார்வையில், ஒரு பொருளில் இருக்கிறது. தேங்காய் துருவிக்கொண்டே அதைப் பின்தொடர முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘வதந்தி’யும் அப்படித்தான். கலை நுட்பம் கூடக் கூட, கண்ணுக்கு ஓய்வு இருப்பவர்களின் கலையாக அது மாறிவிடுகிறது. நானும் தம்பியும் பார்த்தோம். அம்மா இரண்டாம் பாகத்திலேயே எழுந்து போய்விட்டார்.

இந்த வரிசையில் ஜியோ பேபியின் மலையாளப் படம் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ எனக்கு முக்கியமானது. 2021 ஜனவரியில் ஒரு சிறிய இணையத் தளத்தில் வந்த படம். 2023இல் தமிழிலும் எடுக்கப்பட்டது. மூலப்படத்தில் பெரும்பாலும் பின்னணி இசையே இல்லை. நறுக்கும் சத்தம், தாளிக்கும் சத்தம், பாத்திரம் கழுவும் சத்தம். இத்தனை காலம் கூடத்தின் ஒலிதான் அடுப்படிக்குப் போனது. இந்தப் படம் அடுப்படியின் ஒலியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. அன்று எங்கள் கூடத்தில் இருந்த ஆண்கள் யாரும் நெடுநேரம் பேசவில்லை.

2023 ஜனவரி 26 அன்று வெளியான முத்துக்குமாரின் ‘அயலி’ இரண்டு வழிகளையும் சேர்த்தது. 1990இல் நடக்கும் கதை. வயதுக்கு வந்ததும் பெண்ணுக்குப் படிப்பை நிறுத்தி மணம் முடிக்கும் ஊரில், தமிழ்ச்செல்வி என்ற பள்ளி மாணவி தான் வயதுக்கு வந்ததையே மறைத்துப் படிக்கிறாள். நெடுந்தொடருக்குப் பழகிய காது உடனே பற்றிக்கொள்ளும் புதுக்கோட்டைப் பேச்சு. ஆனால் அந்த நடிகர்களின் முகத்தைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. முதல் பாகத்தை அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டார். இரண்டாவதற்கு அரிவாள்மணையோடு கூடத்துக்கு வந்தார். நான்காவதற்கு அரிவாள்மணை கையில் இல்லை. மிச்சக் காயை நான் நறுக்கினேன்.

என் தாளில் அம்மாவின் பெயருக்கு நேரே முழுமையாக விழுந்த குறிகளில் ஒன்று அது. ஒரு படைப்பை எத்தனை வீடுகள் பார்த்தன என்று கணக்கெடுப்பவர்கள், அந்த நேரத்தில் அங்கே அடுப்படியில் நின்றது யார் என்றும் கேட்க வேண்டும். வீட்டுத் திரையின் வரலாற்றில் பாதி அந்த விடையில் இருக்கிறது.