ஜெபமாலையின் மணிகள்

அச்சம் மனத்தைப் பற்றிய வேளையில் சிந்தனை சிதறுவது மனித சுபாவமாதலால், 53 சிறுமணிகளும் 6 பெருமணிகளும் கோத்த கத்தோலிக்க ஜெபமாலையை, நெஞ்சம் தடுமாறினும் விரல் வழிதவறாதிருக்கும்படி அமைத்த ஞானத்தை நான் பெரிதும் வியக்கிறேன். மரமாயினும் கண்ணாடியாயினும் தொகை ஒன்றே. பெருமணி வந்ததென்பதை இருளிலும் விரல் அறியும்.

சிறுமணிதோறும் ஓதப்படும் பிரியதத்த மந்திரத்தின் முற்பகுதி, லூக்கா சுவிசேஷத்தின்படி, கபிரியேல் சம்மனசும் எலிசபெத்தம்மாளும் தேவமாதாவுக்குக் கூறிய வாழ்த்தைத் தழுவியது. மரண நேரத்திற்கும் துணை வேண்டும் பிற்பகுதியோ, ஐந்தாம் பத்திநாதர் பாப்பரசர் 1568இல் வெளியிட்ட ரோமைக் கட்டளை ஜெபநூலில் நிலைபெற்றது. அவ்வாழ்த்தைக் கேட்ட கன்னிகை கலங்கினாள் என்பதைச் சுவிசேஷகர் மறைக்கவில்லை. கலங்கியவள்தான், தனக்கு நேரப்போவன யாவை என்று விவரம் கேட்டு நில்லாமல், தன்னை ஆண்டவரின் அடிமையென ஒப்புவித்தாள்.

இம்மாலையை ஓதுகையில் நினைவுகூரும் துக்க தேவ ரகசியங்களில் முதலாவது, அவள் திருக்குமாரனே ஒலிவ மலையில் வியாகுலமுற்று இரத்த வியர்வை சிந்தியதைத் தியானிப்பது. அஞ்சுகிறவனைப் பாவியென்று கடிந்து விலக்காமல், அவனுடைய நடுக்கத்தையும் தியானத்திற்குரிய பொருளாக ஏற்றுக்கொண்ட அந்தக் கருணையே, இம்மாலையின் வேறெந்தச் சிறப்பைக் காட்டிலும் என்னை வசீகரிப்பது.